கொழும்பில் தாவரக் கல இறப்பு ஆய்வு தொடங்குபவர்களுக்கு: விதை, அனுமதி, ஏசி, நேரக் கணக்கு

இறுதியாண்டு ஆய்வுக்கோ எம்எஸ்சிக்கோ "நோய்த் தடுப்பில் கல இறப்பைக் கட்டுப்படுத்தும் பரம்பரையலகுகள்" என்ற மாதிரி ஒரு தலைப்பு உங்கள் கைக்கு வந்துவிட்டது என்று வைத்துக்கொள்வோம். ஆய்வுக் கட்டுரைகளை வாசித்தால் எல்லாம் சுலபமாகத்தான் தெரியும். விதை போட்டார்கள், ஐந்தாம் வாரம் பற்றீரியா ஏற்றினார்கள், ஆறு மணித்தியாலத்தில் இலை சுருண்டது. அந்த ஒரு வரிக்குப் பின்னால் கட்டுநாயக்காவில் ஓர் அனுமதி, மதுவரித் திணைக்களத்தில் ஓர் அனுமதி, இரவிலும் ஓடுகிற ஒரு ஏசி என்று என்னென்னவோ கிடக்கின்றன. அதை எந்தக் கட்டுரையும் சொல்லாது. நான் பட்ட பாட்டில் பாதியாவது உங்களுக்குக் குறையட்டும் என்றுதான் இதை எழுதுகிறேன். உயர்தர உயிரியல் தெரிந்த, ஆய்வுகூடத்துக்குப் புதியவரை மனதில் வைத்தே எழுதியிருக்கிறேன்.

1. கேள்வி இறப்பைப் பற்றியதா, எதிர்ப்பைப் பற்றியதா என்று முடிவு செய்யுங்கள்

கிருமி புகுந்த இடத்துக் கலங்கள் சில மணித்தியாலங்களுக்குள் தாமே இறந்து காய்ந்துவிடுவதை மிகையுணர்வுத் துலங்கல் என்கிறோம். கலத்துக்குள் காவல் இருக்கும் என்எல்ஆர் வகைப் புரதங்கள்தான் பெரும்பாலும் இதைத் தொடக்கி வைக்கின்றன. கிருமி உள்ளே செலுத்தும் புரதத்தையோ, அந்தப் புரதம் செய்யும் குழப்படியையோ கண்டதும் அவை விழித்துக்கொள்ளும். ஆய்வுகூடங்களில் மாதிரியாக வளர்க்கும் சிறிய கடுகுக் குடும்பச் செடியான அரபிடொப்சிஸின் இசட்ஏஆர்1 என்ற புரதத்தில் இது நடக்கும் விதம் 2019இல் படமாகவே தெரியவந்தது. ஐந்து மூலக்கூறுகள் வட்டமாகச் சேர்ந்து, நடுவில் புனல் வடிவில் எழுந்து மென்சவ்வில் செருகி நிற்கின்றன. அந்த வழியாகக் கல்சியம் அயன் கலத்துக்குள் பாய்கிறது என்பது 2021இல் காட்டப்பட்டது. முன்மொழிவின் அறிமுகத்துக்கு இவ்வளவு போதும். வரலாறு எழுதிப் பக்கம் நிரப்ப வேண்டாம்.

புதியவர்கள் சறுக்கும் முதல் இடம் இது: இலை கருகினால் செடி எதிர்த்துவிட்டது, கருகாவிட்டால் தோற்றுவிட்டது என்று எடுத்துக்கொள்வார்கள். உண்மையில் இவை இரண்டும் தனித்தனி. டிஎன்டி1 என்ற அரபிடொப்சிஸ் விகாரியில், அதாவது ஒரு பரம்பரையலகு மாறிய செடியில், மிகையுணர்வு இறப்பு தோன்றுவதில்லை, ஆனாலும் அது பற்றீரியாவை நன்றாகவே எதிர்க்கும். உருளைக்கிழங்கின் ஆர்எக்ஸ் என்ற பரம்பரையலகு, வழமையாக ஒரு கலத்தையும் சாகவிடாமலே வைரசை நிறுத்திவிடும். மெற்றாகஸ்பேஸ் என்ற, புரதத்தை வெட்டும் நொதிய வகையைச் சேர்ந்த ஏடிஎம்சி1 இல்லாத அரபிடொப்சிஸ் செடிகளில் கல இறப்பு வெகுவாகக் குறைந்தது, ஆனால் பற்றீரியா அதனால் கூடுதலாகப் பெருகவில்லை என்று 2010இல் வெளியான ஆய்வு காட்டியது. இன்னொரு பக்கம், பொற்றைட்டிஸ் மாதிரி செத்த இழையத்தில் வாழும் பங்கசுகளுக்குச் செடி தன் கலங்களைக் கொல்வது நல்ல வாய்ப்பு.

ஆகவே ஒரு தாளை எடுத்து ஒரே வசனத்தில் எழுதுங்கள்: நான் அளக்கப்போவது செத்த கலத்தையா, உயிரோடுள்ள கிருமியின் எண்ணிக்கையையா? முதலாவது என்றால் கிருமியே இல்லாமலும் ஆய்வு செய்யலாம், செலவும் கடிதங்களும் பாதியாகும். இரண்டாவது என்றால் கிருமியைக் கொண்டுவர வேண்டும், வளர்க்க வேண்டும், அழிக்க வேண்டும், ஒவ்வொன்றுக்கும் ஒரு கையொப்பம் வேண்டும். இரண்டையும் செய்கிறேன் என்று முன்மொழிவில் எழுதுபவர்கள் ஆறாம் மாதத்தில் ஒன்றை வெட்டுவார்கள்.

2. பரம்பரையலகைத் தெரிவு செய்வதற்கு முன் அறையின் வெப்பநிலையை அளந்து பாருங்கள்

இதைத்தான் எனக்கு யாரும் முன்கூட்டிச் சொல்லவில்லை. கொழும்பில் பகல் வெப்பம் 30, 31 பாகைக்குப் போகும், இரவிலும் 25 பாகையளவில் நிற்கும். நீங்கள் வாசிக்கும் கட்டுரைகள் ஏறக்குறைய எல்லாமே 20 முதல் 23 பாகைக்குள் செய்யப்பட்டவை. இந்த வித்தியாசத்தைச் சின்ன விசயம் என்று விட்டால் முடிவே தலைகீழாகும்.

புகையிலையின் "என்" (N) என்ற பரம்பரையலகை எடுங்கள். புகையிலை மொசைக் வைரசைக் கண்டதும் இலையில் புள்ளி புள்ளியாகக் கலங்களைக் கொன்று வைரசை அடைத்துவிடும். பாடப்புத்தக உதாரணம். ஆனால் 28 பாகைக்கு மேல் போனால் அது வேலை செய்யாது, புள்ளியே விழாது, வைரசு செடி முழுக்கப் பரவும். அப்படிப் பரவிய செடியைத் திரும்பக் குளிர்ந்த அறைக்குக் கொண்டுவந்தால் நிறுத்தி வைத்த இறப்பெல்லாம் ஒரேயடியாகத் தொடங்கிச் செடியே சரிந்துவிடும். அரபிடொப்சிஸின் எஸ்என்சி1 விகாரியும் இப்படித்தான்: 22 பாகையில் குறளாகச் சுருண்டு கிடக்கும், 28 பாகையில் சாதாரணச் செடி போல வளரும். தக்காளியில் வேர்முடிச்சு வட்டப்புழுவைத் தடுக்கும் எம்ஐ1 கூட 28 பாகையைத் தாண்டினால் கைவிடும். திறந்த ஜன்னலோரம் வைத்த செடியில் "பரம்பரையலகு வேலை செய்யவில்லை" என்று முடிவெழுதினால், நீங்கள் உண்மையில் எழுதியது கொழும்பின் காலநிலையை.

சரி, என்ன செய்வது?

குறைந்தபட்ச, கூடியபட்ச வெப்பநிலையைத் தானே பதிந்து வைக்கும் வெப்பமானி ஒன்றை வாங்கி, செடி வைக்கப்போகும் தட்டில் ஒரு வாரம் வையுங்கள். சுவரில் மாட்ட வேண்டாம். மின்குமிழுக்குக் கீழே இருக்கும் தட்டு அறையை விடச் சூடாக இருக்கும், செடி உணர்வது அந்தச் சூட்டைத்தான். வார இறுதியும் அந்த ஒரு வாரத்துக்குள் வரவேண்டும். ஏனென்றால் பல கட்டடங்களில் பின்னேரம் நாலரைக்கும், வெள்ளிக்கிழமை மாலையிலும் ஏசியை அணைத்துவிடுவார்கள். நான் வேலை செய்த இடத்தில் "நங்கி, ராத்திரிக்கு யாருக்கு ஏசி?" என்று கேட்டபடியே காவலாளி ஐயா பொத்தானை அழுத்திவிடுவார். அவரைக் குறை சொல்ல முடியாது, அவருக்குக் கொடுத்த உத்தரவு அது. துறைத் தலைவரின் கையொப்பத்துடன் "24 மணித்தியாலமும் இயங்க வேண்டும், அணைக்க வேண்டாம்" என்று சிங்களத்திலும் தமிழிலும் ஒரு தாள் ஒட்டுங்கள், காவலறையிலும் ஒரு பிரதி கொடுங்கள். ஆங்கிலத்தில் மட்டும் ஒட்டிய தாளால் பயனில்லை.

ஒரே ஏசியை மாதக்கணக்கில் ஓட்டினால் அது படுத்துவிடும். இரண்டு இருந்தால் மாறி மாறி ஓட்டலாம். மின்வெட்டு வந்தால் எத்தனை மணித்தியாலம், தட்டில் எத்தனை பாகைக்குப் போனது என்று குறிப்பேட்டில் எழுதுங்கள், அந்தக் கிழமை எடுத்த தரவைத் தனியாக வையுங்கள்.

ஈரப்பதனையும் மறக்க வேண்டாம். ஏசி காற்றைக் காய வைக்கும். நாற்றுகளைப் பிளாஸ்டிக் மூடியால் மூடி வைத்தால் உள்ளே ஈரம் நிறைந்துவிடும். எஸ்எல்எச்1 என்ற விகாரி ஈரமான காற்றில் நன்றாக இருக்கும், வறண்ட காற்றுக்கு மாற்றினால் கலங்கள் தானே சாகத் தொடங்கும். அதாவது மூடியைத் திறப்பதே ஒரு பரிசோதனை ஆகிவிடலாம். எல்லாச் செடிகளின் மூடியையும் ஒரே நாளில் திறந்து, இரண்டு நாள் விட்டு வேலையைத் தொடங்குங்கள்.

3. உங்களுக்குக் கட்டுப்படியாகும் ஒழுங்கைத் தெரிவு செய்யுங்கள்

என் அபிப்பிராயத்தைச் சொல்லிவிடுகிறேன். கொழும்பில் முதல் தடவை தொடங்குபவருக்கு அரபிடொப்சிஸின் எல்எஸ்டி1 விகாரிதான் நல்லது. எல்எஸ்டி1 என்பது கல இறப்பை அடக்கி வைக்கும் ஒரு சிங்க்விரல் புரதம். அது இல்லாத செடியில் இறப்பு ஓரிடத்தில் தொடங்கினால் நிற்காது, இலை முழுக்கப் பரவும். இதில் அழகு என்னவென்றால், குறும்பகலில், அதாவது எட்டு அல்லது ஒன்பது மணித்தியால வெளிச்சத்தில், செடி பார்வைக்கு நலமாக வளரும். 16 மணித்தியால வெளிச்சத்துக்கு மாற்றியதும் சில நாட்களில் இறப்பு தொடங்கும். கிருமி தேவையில்லை. மின்குமிழுக்கு ஒரு நேரக்கருவி போதும். கூடவே எல்எஸ்டி1 உடன் ஈடிஎஸ்1 அல்லது பிஏடி4 பரம்பரையலகும் கெட்ட இரட்டை விகாரியைச் சேர்த்து வளர்த்தால், அதில் இந்தப் பரவல் அடங்கிவிடும். ஏடிஎம்சி1 உடனான இரட்டை விகாரியிலும் அப்படித்தான். காட்டு வகை, ஒற்றை விகாரி, இரட்டை விகாரி என்று மூன்று வரிசை தட்டில் இருந்தால், இறப்பை எந்தப் பரம்பரையலகு நடத்துகிறது, எது அடக்குகிறது என்பதைக் கண்ணாலேயே காட்டலாம்.

இங்கே ஒரு பொறி உண்டு. விகாரி எந்த இனவகையில் உண்டாக்கப்பட்டதோ, அதே இனவகையின் காட்டுச் செடியைத்தான் ஒப்பீட்டுக்கு வைக்க வேண்டும். வேறு இனவகையின் காட்டு விதையை வைத்து ஒப்பிட்ட அட்டவணைகளைப் பரீட்சகர்கள் முதல் பார்வையிலேயே பிடித்துவிடுவார்கள்.

புகையிலையும் மொசைக் வைரசும் இரண்டாவது வழி. வைரசு தொற்றிய இலையைப் பொசுபேற்றுத் தாங்கற்கரைசலில் அரைத்து, காபொரண்டம் தூள் தூவிய இலையில் மெதுவாகத் தேய்த்தால், "என்" பரம்பரையலகு உள்ள செடியில் இரண்டு மூன்று நாளில் புள்ளி விழும். எண்ணுவது சுலபம். ஆனால் இந்த வைரசு பிடிவாதமானது: கை, கத்தி, மேசை, உடுப்பு என்று எல்லாவற்றிலும் ஒட்டும், சிகரெட்டுப் புகையிலையிலும் இருக்கக்கூடும். புகைபிடிப்பவர் கைகழுவாமல் உங்கள் தட்டைத் தொட அனுமதிக்காதீர்கள். சவர்க்காரமிட்டுக் கழுவிய பின் கொழுப்பு நீக்கிய பால்மாக் கரைசலில் கையை நனைத்துக்கொள்வது வைரசு ஆய்வுகூடங்களின் பழைய பழக்கம், அது உதவும். மிளகாய், தக்காளி வளர்க்கும் பக்கத்து மாணவரிடம் முதலே சொல்லிவிடுங்கள், இல்லாவிட்டால் சண்டை வரும்.

நெல் மூன்றாவது. பற்றீரிய இலைக்கருகலுக்கு எதிரான எக்ஸ்ஏ10, எக்ஸ்ஏ23, எக்ஸ்ஏ27 ஆகியவை கிருமியின் புரதம் தானே வந்து இயக்கிவிடும் பரம்பரையலகுகள். எக்ஸ்ஏ7 சூட்டில் இன்னும் நன்றாக வேலை செய்கிறது என்று காட்டப்பட்டிருக்கிறது, நம் ஊருக்கு அது பொருத்தம். நெல் 22 பாகை கேட்காது என்பதும் வசதி. ஆனால் நெல்லிலையில் சாயம் ஏற்றுவதும் கரைசல் ஏற்றுவதும் சிரமம், இலை தடிப்பு. பாரம்பரிய நெல் வகைகள் வேண்டுமானால் பேராதனை கன்னொறுவையிலுள்ள தாவர மரபுவள நிலையத்துக்கு மேற்பார்வையாளரின் கடிதத்துடன் எழுதுங்கள். உள்நாட்டு விதை, இறக்குமதி அலைச்சல் இல்லை.

சூடோமோனஸ் சிறிங்கே டிசி3000 பற்றீரியாவைத்தான் எல்லாக் கட்டுரைகளும் பயன்படுத்துகின்றன. உங்கள் ஆய்வுகூடத்தில் அனுமதியோடு ஏற்கெனவே இருந்தால் மட்டும் தொடுங்கள். புதிதாகத் தருவிக்க வேண்டுமானால், ஓர் இளமாணி ஆய்வுக்கான காலம் அதற்குப் போதாது.

4. அனுமதிகள்: விதை கிளம்புவதற்கு முன்

அரபிடொப்சிஸ் விகாரி விதைகளை அமெரிக்காவின் ஒஹாயோவில் உள்ள சேமிப்பு நிலையமோ பிரித்தானியாவின் நொட்டிங்காமில் உள்ள நிலையமோ தரும். இணையத்தில் தெரிவு செய்வது ஒரு மாலை வேலைதான், அப்புறம் தொடங்கும் அலைச்சல்.

இலங்கைக்குள் வரும் தாவரப் பொருள் எதுவானாலும் 1999ஆம் ஆண்டு 35ஆம் இலக்கத் தாவரப் பாதுகாப்புச் சட்டத்துக்குள் வரும். கிருமி வளர்ப்புகளும் இதற்குள் அடங்கும். அனுமதி விடயங்களைப் பார்ப்பது கட்டுநாயக்காவிலுள்ள தேசிய தாவரத் தொற்றுத்தடுப்புச் சேவை. கோட்டையிலிருந்து 187ஆம் இலக்க பஸ் அந்தப் பக்கம் போகும். போகும் முன் இவற்றைக் கையில் வையுங்கள்:

துறைத் தலைவரின் கடிதம். அதில் தாவரத்தின் விஞ்ஞானப் பெயர், விகாரியின் பெயரும் சேமிப்பு இலக்கமும், எத்தனை விதை, எந்த நாட்டிலிருந்து, தபாலா கூரியரா, எந்த அறையில் வளர்ப்பீர்கள், முடிந்ததும் எப்படி அழிப்பீர்கள் என்பதெல்லாம் இருக்க வேண்டும். கடைசி இரண்டையும் பலர் எழுதாமல் விடுவார்கள், கடிதம் திரும்பி வரும். மேற்பார்வையாளரின் அடையாள விவரம். சேமிப்பு நிலையத்தின் விலைப்பட்டியல். எல்லாவற்றிலும் இரண்டு பிரதி.

அனுமதி கிடைத்ததும் அதன் பிரதியை விதை அனுப்புபவருக்கு அனுப்பி, அவர்கள் நாட்டின் தாவரச் சுகாதாரச் சான்றிதழையும் சேர்த்து அனுப்பச் சொல்ல வேண்டும். சான்றிதழ் இல்லாமல், "சின்ன உறைதானே" என்று சாதாரணத் தபாலில் தருவிக்கும் ஆட்கள் உண்டு. பிடிபட்டால் விதை அழிக்கப்படும், அடுத்த விண்ணப்பத்துக்கும் உங்கள் முகம் ஞாபகம் இருக்கும். பொதியில் உள்ள பெறுநர் பெயரும் அனுமதியில் உள்ள பெயரும் எழுத்துக்கு எழுத்து ஒன்றாக இருக்கட்டும். தமிழ்ப் பெயர்களில் முதலெழுத்தை முன்னும் பின்னும் மாற்றிப் போடும் நமக்கு இதுதான் வழமையான தலையிடி. அனுமதி காலாவதியாகும் திகதியையும் பார்த்துவிட்டுத்தான் விதைக்குப் பணம் கட்டுங்கள்.

இன்னொன்று: அந்நிய டிஎன்ஏ துண்டைச் செருகி உண்டாக்கிய விகாரிகள் மரபணு மாற்றப்பட்டவையாகவே கணக்கு. இரசாயனத்தாலோ கதிர்வீச்சாலோ உண்டானவற்றில் அந்நிய டிஎன்ஏ இல்லை. ஒரே பரம்பரையலகுக்கு இரண்டு வகையும் கிடைத்தால் இரண்டாவதைக் கேளுங்கள். முதலாவதுதான் வேண்டும் என்றால், அல்லது அக்ரோபற்றீரியா மூலம் இலைக்குள் பரம்பரையலகை ஏற்றப் போகிறீர்கள் என்றால், உங்கள் நிறுவனத்தின் உயிர்ப்பாதுகாப்புக் குழுவிடம் எழுத்தில் ஒப்புதல் எடுக்க வேண்டும். குழு அடுத்து எப்போது கூடுகிறது என்பதை முதல் நாளே விசாரியுங்கள், அது உங்கள் கால அட்டவணையின் முதல் திகதி.

எதனோல் மூன்றாவது. இலையின் பச்சையத்தை நீக்க இது லீற்றர் கணக்கில் தேவைப்படும், மதுவரித் திணைக்களத்தின் அனுமதியோடுதான் நிறுவனங்கள் வாங்கலாம். மாணவராக உங்கள் பெயரில் வாங்க முயல வேண்டாம். துறையின் அனுமதியில் எவ்வளவு மிச்சம் இருக்கிறது என்று களஞ்சியப் பொறுப்பாளரிடம் கேட்டு, உங்கள் பங்கை எழுத்தில் ஒதுக்கச் சொல்லுங்கள்.

இத்தனைக்கும் வாரக் கணக்கு போடாதீர்கள், மாதக் கணக்கு போடுங்கள். இலக்கிய மீளாய்வு எழுதும் காலத்திலேயே விண்ணப்பங்கள் போயிருக்க வேண்டும்.

5. பணம் எங்கே போகும்

விதைப் பொதியின் விலை சின்னது. சுகாதாரச் சான்றிதழும் கூரியரும் அதை விழுங்கிவிடும், ஆகவே நண்பர்களோடு சேர்ந்து ஒரே பொதியாகத் தருவியுங்கள். இரசாயனங்களுக்கு மூன்று விலைமனு கேட்பார்கள். விலைமனுவில் வற் வரி சேர்ந்திருக்கிறதா என்று பாருங்கள், 2024 ஜனவரி முதல் அது 18 வீதம். "வற் நீங்கலாக" என்று அடியில் சின்ன எழுத்தில் இருக்கும். செல்லுபடியாகும் காலமும் குறுகியது, டொலர் ஏறினால் புது விலைமனு கேட்பார்கள், அப்போது கையொப்ப வரிசை மறுபடி தொடங்கும். முகவர் எட்டு வாரம் என்றால் நீங்கள் பன்னிரண்டு என்று எழுதிக்கொள்ளுங்கள். பீசிஆர் நொதியங்கள் ஐஸில் வருபவை, வெள்ளிக்கிழமை வந்திறங்கினால் திங்கள்வரை சுங்கத்தில் கிடக்கும். வாரத் தொடக்கத்தில் வருமாறு கேட்டு எழுதுங்கள்.

பெரிய போத்தல் வாங்க வேண்டாம். ட்ரிபான் நீலச் சாயக் கரைசல் ஒரு தடவைக்குப் 10 மில்லிகிராம் கேட்கும், ஆக 5 கிராம் போத்தல் 500 தடவைக்கு வரும். பக்கத்து ஆய்வுகூடத்தில் கலம் வளர்ப்பவர்களிடம் இது நிச்சயம் இருக்கும், ஒரு சிட்டிகை கேட்டு வாங்குங்கள். கடத்துதிறன்மானியை இரசாயனவியல் துறையிலோ நீர்ப் பரிசோதனை செய்பவர்களிடமோ இரவல் கேளுங்கள். இலைக்குள் கரைசல் ஏற்ற ஊசி கழற்றிய 1 மில்லிலீற்றர் சிறிஞ்சு போதும், பாமசியில் கிடைக்கும். காசை மிச்சம்பிடிக்கக் கூடாத ஒரே இடம் மேலே சொன்ன வெப்பமானி.

6. விதை போடுதல்

ஈரமாக்கிய அரபிடொப்சிஸ் விதையை 4 பாகையில் இரண்டு மூன்று நாள் வைத்து, பின் 22 பாகைக்கு மாற்றுங்கள். விதை தூசி மாதிரி, ஏசிக் காற்றில் பறக்கும், தட்டைக் காற்றுத் திசையில் வைக்காதீர்கள். நாலைந்து வாரத்தில், பூந்தண்டு எழும்புவதற்கு முன், இலை வேலைக்குத் தயார். பூந்தண்டு எழும்பிய செடியின் இலை முதுமையால் தானே சாகத் தொடங்கும், அந்த இறப்பை உங்கள் இறப்போடு கலக்க வேண்டாம். விகாரி விதை சீரானதா என்று ஒவ்வொரு பொதியிலும் பீசிஆர் செய்து பாருங்கள். பொதியின் மேலே எழுதியிருப்பதை மட்டும் நம்பி ஐந்து வாரம் காத்திருப்பது வீண் ஆபத்து.

7. இறப்பை அளத்தல்: இரண்டு முறை, இரண்டு விதம்

ஒரே ஒரு சாயத்தை வைத்து முடிவெழுதாதீர்கள். ஒன்று படம் தரவேண்டும், மற்றது எண் தரவேண்டும்.

படத்துக்கு ட்ரிபான் நீலம். பீனோல், கிளிசரோல், லக்ரிக் அமிலம், நீர் ஆகியவற்றைச் சம பங்காக எடுத்து அதில் சாயம் கலப்பார்கள். இலையை அந்தக் கரைசலில் அமிழ்த்தி, குழாயோடு கொதிநீரில் ஓரிரு நிமிடம் வைத்தால் செத்த கலத்துக்குள் மட்டும் நீலம் ஏறும், உயிருள்ள கலத்தின் மென்சவ்வு அதை விடாது. பீனோல் தோலைச் சுடும், மூக்குக்கும் ஆகாது. புகைபோக்கிப் பெட்டிக்கு உள்ளேதான், அதுவும் விசிறி உண்மையிலேயே ஓடுகிறதா என்று ஒரு மெல்லிய தாளைப் பிடித்துப் பார்த்த பின்தான். நிறம் நீக்கக் குளோரல் ஐதரேற்று சிறந்தது என்பார்கள், ஆனால் அது கட்டுப்பாடுள்ள மருந்துப் பொருளாகவும் கருதப்படுவதால் கிடைப்பது தொந்தரவு. சுடு எதனோலிலும் ஓரளவு நன்றாக வரும், நேரம்தான் கூட எடுக்கும். ஊசி அழுத்திய இடத்திலும் இடுக்கி பிடித்த இடத்திலும் நீலம் ஏறும். வெறும் கரைசல் மட்டும் ஏற்றிய இலை பக்கத்தில் இல்லாவிட்டால் உங்கள் படத்துக்கு மதிப்பில்லை.

எண்ணுக்கு அயன் கசிவு. கலம் சாகும்போது பொற்றாசியம் முதலான அயன்கள் வெளியே கசியும், சுற்றியுள்ள நீரின் கடத்துதிறன் ஏறும். தக்கைத் துளைப்பானால் ஒரே அளவு வட்டங்கள் வெட்டி, அரை மணித்தியாலம் காய்ச்சிவடித்த நீரில் ஊறவிட்டு, அந்த நீரை ஊற்றிவிடுங்கள். வெட்டுக்காயத்தால் கசிந்தது அதோடு போகும். இந்தப் படியைத் தாண்டினால் எல்லாச் செடியும் செத்த மாதிரித்தான் காட்டும். புது நீர் விட்டு இரண்டு மணித்தியாலத்துக்கு ஒரு தடவை அளவிடுங்கள். கடைசியில் வட்டங்களைக் கொதிக்கவைத்து மொத்தக் கசிவை அளந்து, அதன் வீதமாக மற்றதை எழுதுங்கள். கடத்துதிறன் ஒரு பாகைக்கு ஏறக்குறைய 2 வீதம் மாறும் என்பதால், ஏசி அறையில் வைத்த குழாயை வெளி மேசைக்குக் கொண்டுவந்து அளந்தால் வரைபு பொய் சொல்லும். மானியைக் குழாய் இருக்கும் இடத்துக்கே கொண்டுபோங்கள்.

கடத்துதிறன்மானி கிடைக்காவிட்டால் எவன்ஸ் நீலம் கைகொடுக்கும். இலைவட்டத்தில் ஏறிய சாயத்தை, 1 வீத எஸ்டிஎஸ் (ஒரு வகை அழுக்ககற்றி) கலந்த 50 வீத மெதனோலில் கரைத்தெடுத்து 600 நானோமீற்றரில் உறிஞ்சலைப் பார்த்தால் எண் வந்துவிடும்.

ஐதரசன் பரவொட்சைட்டைப் பார்க்கும் டிஏபி சாயத்தையும் பலர் செய்வார்கள், பழுப்பு நிறம் வரும். அது இறப்புக்கான அளவீடு ஆகாது, இறப்புக்கு வழிவிடும் ஒட்சிசன் வெடிப்பைத்தான் அது காட்டுகிறது. ஒளியில் கெடும், புற்றுநோய் சந்தேகமும் உண்டு, கையுறையும் ஈயத்தாளும் கட்டாயம்.

டிசி3000 வைத்திருப்பவர்களுக்கு ஒரு வார்த்தை. செடி இனங்கண்டு துலங்கும் ஏவிஆர்ஆர்பிஎம்1 என்ற கிருமிப் பரம்பரையலகை ஏந்திய வகை ஆறு மணித்தியாலமளவில் இலையைச் சுருட்டும், அதேபோன்ற ஏவிஆர்ஆர்பிடி2 ஏந்தியது பதினைந்து, இருபது மணித்தியாலம் எடுக்கும். ஒன்றும் ஏந்தாத வகையைக்கூட அதிக செறிவில் ஏற்றினால் ஒரு நாளுக்குப் பின் நோயாலேயே இலை அழுகிவிடும். ஆகவே மறுநாள் பின்னேரம் எடுத்த படம் எதையும் நிரூபிக்காது. ஒரு சின்ன ஆறுதல்: இந்தப் பற்றீரியாவுக்கு வளர 28 பாகை, அதற்கு மட்டும் கொழும்பின் அறை வெப்பம் அப்படியே பொருந்தும்.

8. நாட்காட்டியைப் பார்த்து விதையுங்கள்

காலையில் இலைவாய்கள் திறந்திருக்கும்போது கரைசல் சுலபமாக ஏறும். மதியத்துக்குப் பின் இலை இறுகிவிடும், அழுத்தினால் காயம்தான் மிஞ்சும். ஒரு மணித்தியாலம் முன்பே தண்ணீர் ஊற்றி, எட்டு மணிக்குத் தொடங்கினால் ஆறு மணித்தியால அளவீடு இரண்டு மணிக்கு முடியும். இருபது மணித்தியால அளவீடு அதிகாலை நாலுக்கு விழும். அதற்கு இரவு தங்கும் அனுமதி, துணைக்கு ஓர் ஆள், காவலறைக்குக் கடிதம் மூன்றும் வேண்டும். இல்லாவிட்டால் மாலை ஐந்துக்கு ஏற்றி மறுநாள் பகலில் அளக்கும்படி மாற்றுங்கள், ஆனால் எல்லாத் தடவையும் அதே நேரம்தான்.

போயா நாட்களை விதை போடும் அன்றே குறித்துக்கொள்ளுங்கள். ஒவ்வொரு மாதமும் ஒன்று வரும், கட்டடம் பூட்டியிருக்கும். சித்திரைப் புத்தாண்டுக் கிழமையில் தண்ணீர் ஊற்றக்கூட ஆள் கிடைக்காது. விதை போட்ட நாளிலிருந்து ஐந்தாம் வாரம் இந்த நாட்களில் விழுந்தால் ஒரு கிழமை தள்ளி விதையுங்கள். முழுப் பரிசோதனையையும் புது விதையோடு மூன்று தடவை செய்ய வேண்டும். ஒரே தட்டில் மூன்று செடி வைத்து மூன்று தடவை என்று எழுதுவதைப் பரீட்சகர்கள் ஏற்கமாட்டார்கள். ஒரு தடவைக்கு ஏழு வாரம் என்று போட்டால் இருபத்தொரு வாரம். தடவைகளை இரண்டு கிழமை இடைவெளியில் ஒன்றன்மேல் ஒன்றாக விதைத்தால் பதினொரு வாரத்துக்குள் அடக்கலாம். தட்டில் இடம் இருக்கிறதா என்று மட்டும் பாருங்கள்.

எவ்வளவு இறப்பு என்று செடிகளுக்கு மதிப்பெண் போடும்போது, பெயர்களை மறைத்து, எது விகாரி என்று தெரியாத ஒருவரைப் போடச் சொல்லுங்கள். ஒரு தேநீரும் இரண்டு பட்டீசும் வாங்கிக் கொடுத்தால் ஆள் கிடைப்பார்கள்.

9. அழித்தலும் பதிவும்

அனுமதிக் கடிதத்தில் எப்படி அழிப்பீர்கள் என்று எழுதினீர்களோ அப்படியே அழிக்க வேண்டும். செடி, மண், மிச்ச விதை எல்லாவற்றையும் பையில் கட்டி 121 பாகையில் அழுத்தக் கொதிகலனில் வைத்து, திகதியும் கையொப்பமும் இட்ட பதிவைப் பேணுங்கள். அடுத்த வருடம் உங்கள் கனிஷ்ட மாணவர் அதே விதைக்கு விண்ணப்பிக்கும்போது இந்தப் பதிவைக் கேட்பார்கள். பீனோல் கழிவைத் தொட்டியில் ஊற்ற வேண்டாம், பெயர் எழுதிய கண்ணாடிப் போத்தலில் சேர்த்து, நிறைந்ததும் தொழில்நுட்ப உத்தியோகத்தரிடம் ஒப்படையுங்கள். டிஏபி கழிவுக்கு வேறு போத்தல். இரண்டையும் ஒன்றாக ஊற்றி வைத்தால் யாரும் பொறுப்பெடுக்க மாட்டார்கள், அந்தப் போத்தல் உங்கள் பெயரோடு அங்கேயே இருக்கும்.